ஆச்சியின் முட்டும் பேரனின் முட்டும்

கரிசல் பெண்களுக்கு முட்டு போவது மிளகாய்க் காட்டில்தான். விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் சுற்றுவட்டாரத்தில் ஐப்பசி மழையை நம்பி விதைத்த மிளகாய்க்கு முதலில் களையெடுப்பு. குத்தவைத்து உட்கார்ந்து, களைசுரண்டியைக் கையில் பிடித்து, எழுந்திருக்காமலே நிரை முழுக்க நகர்ந்து போக வேண்டும். மாசி, பங்குனியில் பழமெடுப்பு. அதன்பின் களத்தில் வத்தலைக் காயப்போட்டுச் சண்டு வத்தலைப் பிரித்தெடுக்கும் வேலை. அதுவும் தரையில் உட்கார்ந்துதான். மிளகாய் இல்லாத மாதங்களில் பருத்தி, உளுந்து, பாசிப்பயறு. எதுவும் இல்லாத மாதங்களில் கரிமூட்டம். வேம்பார், வைப்பார் பக்கம் போனால் உப்பளத்தில் தலைச்சுமை. பதினைந்து வயதில் காட்டில் இறங்கிய பெண்ணுக்கு ஐம்பதைத் தொடும்போது படியேற முடியாது. "முட்டு விட்டுப் போச்சிய்யா" என்பார்கள். அதற்குமேல் சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த காலத்தில், விட்டுப்போன முட்டுக்கு ஊரில் கிடைத்த வைத்தியம் சூடும் எண்ணெயும். நொச்சியிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் ஊற்றுவார்கள். எருக்கிலையை வாட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். முடக்கத்தான் அரைத்து ஊற்றிய தோசை வாரம் தவறாமல் இருக்கும். இவையெல்லாம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். சூடும் தேய்ப்பும் முட்டைச் சுற்றிய தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். ராத்திரி உறக்கம் வரும். உள்ளே நடந்துகொண்டிருந்த தேய்மானத்தை மட்டும் அவற்றால் நிறுத்த முடியவில்லை. முதலில் கம்பு. பிறகு சுவரைப் பிடித்து நடை. கடைசியில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே வாசலுக்கும் அடுப்படிக்கும் நகரும் நிலை. விடியுமுன் காட்டுப்பக்கம் ஒதுங்குவதற்கு அந்தப் பெண்கள் பட்ட பாட்டை யாரும் வெளியே பேசியதில்லை. மகளோ மருமகளோ தோள்கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட ஆச்சிகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு முட்டு போனது வேறு இடத்தில். அப்போது கபடிக்குச் சடுகுடு என்றுதான் பெயர். கோயில் கொடையை ஒட்டி மந்தையில் ஆட்டம் நடக்கும். பாடிப் போனவனைப் பிடித்து இழுக்கும்போது ஊன்றிய கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பும். உள்ளே ஏதோ தெறித்த மாதிரி ஒரு சத்தம். ராத்திரிக்குள் முட்டு வீங்கிவிடும். வைத்தியர் வந்து உருவிவிட்டு, முட்டையின் வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துப் பத்துப்போட்டுக் கட்டுவார். சுளுக்கு என்றால் அது போதும். மூட்டுக்குள் குருத்தெலும்பு ஒரு காசு அளவுக்குப் பெயர்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழியில்லை. கோவில்பட்டிக்கோ மதுரைக்கோ போய் எக்ஸ்ரே எடுத்தாலும் எலும்புதான் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். வீக்கம் வருவதும் போவதுமாக மாதங்கள் கழியும். பையன் ஆட்டத்தை விட்டுவிடுவான். தாய்க்கு ஐம்பதில் வந்தது அவனுக்கு நாற்பதிலேயே வந்து நிற்கும்.

குருத்தெலும்பு எப்படி இருக்கும் என்று பார்க்கக் கறிக்கடைக்குப் போனால் போதும். ஆட்டுத்தொடையை மூட்டோடு பிரிக்கும்போது எலும்பின் நுனியைக் கவனித்தால், நீலம் ஓடிய வெள்ளையில், ஈரமாக, வழவழவென்று ஒரு மூடி தெரியும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கி மறுபடி எழும். மனித முழங்காலிலும் இதேதான்; கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு தண்ணீர். இரண்டாம் வகைக் கொலாஜன் எனும் புரத இழைகள் பின்னிக் கிடக்க, அவற்றுக்கிடையே அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகள் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கின்றன. கால் ஊன்றினால் தண்ணீர் கசிகிறது. தூக்கினால் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இத்தனையையும் உண்டாக்கிப் பராமரிக்கும் செல்களுக்குக் காண்ட்ரோசைட் என்று பெயர். கன அளவில் அவை நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்குதான். ஒவ்வொன்றும் தன் குழிக்குள் அடைபட்டு இருக்கிறது. ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது வலி தெரிவதில்லை. ரத்தம் வராததால் பட்ட காயம் ஆறுவதில்லை. மிளகாய்க் காட்டுப் பெண்ணுக்கு வலி தெரியும் நேரத்தில் அடியில் உள்ள எலும்பே உரசத் தொடங்கியிருக்கும்.

லண்டனில் உடற்கூறு கற்பித்த வில்லியம் ஹண்டர் 1743-லேயே இதை எழுதிவைத்தார்: குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீண்டு வருவதில்லை. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவம் அந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. 1950-களில் எலும்பில் துளைபோட்டு மஜ்ஜை ரத்தத்தை மேலே வரவழைத்துப் பார்த்தார்கள். 1980-களில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டெட்மன் அதையே நுண்துளைகளாகச் செய்து செம்மைப்படுத்தினார். இப்போதும் பல மருத்துவமனைகளில் அது நடக்கிறது. பள்ளம் நிரம்பும், நிரப்புவது நார்த்தன்மை கொண்ட குருத்தெலும்பு. பாரம் தாங்குவதில் அது அசலுக்கு ஈடாகாது. சில ஆண்டுகளில் பலருக்குப் பலன் குறைந்துவிடுகிறது.

ஹண்டரின் அந்தப் பழைய தீர்ப்பு முதலில் அசைந்தது சுவீடனின் கோதன்பர்க் நகரில். மாட்ஸ் பிரிட்பெர்க், அண்டர்ஸ் லிண்டால், லார்ஸ் பீட்டர்சன் ஆகியோரின் குழு 1987-ல் முதல் நோயாளிக்கு அவருடைய செல்களையே வளர்த்துப் பொருத்தியது. முழங்காலில் அதிகம் பாரம் விழாத ஓரத்திலிருந்து, சில நூறு மில்லிகிராம் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். நொதியில் ஊறவைத்து இழைகளைக் கரைத்துச் செல்களைத் தனியே பிரித்தார்கள். உடல்சூட்டில், 37 டிகிரியில், ஊட்டத் திரவத்தில் வாரக்கணக்கில் பெருகவிட்டார்கள். பிறகு முட்டைத் திறந்து, பெயர்ந்த இடத்தைச் சுத்தம்செய்து, முட்டுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேல்தோலை எடுத்து மூடியாக வைத்துத் தைத்து, அதற்கடியில் செல்களைச் செலுத்தினார்கள். 1994-ல் 23 பேரின் முடிவுகள் வெளிவந்தன. தொடையெலும்பின் நுனியில் காயம்பட்ட 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முட்டுச்சில்லில் காயம்பட்ட 7 பேரில் 2 பேருக்குத்தான் பலன். இந்த இரண்டாவது எண்ணையும் ஒளிக்காமல் எழுதியதற்காகவே அந்தக் குழுவின்மீது எனக்கு மரியாதை. எந்த இடத்துக்கு இந்த வைத்தியம் பொருந்தும், எந்த இடத்துக்குப் பொருந்தாது என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே திறந்த மேசையில் இருந்தது.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. கஷ்டம் ஆய்வகத் தட்டில்தான் தொடங்குகிறது. தன் குழிக்குள் உருண்டையாக இருந்த செல்லை எடுத்துத் தட்டையான பிளாஸ்டிக்கில் விட்டால் அது பெருகும். பெருகப் பெருகத் தட்டையாகி, தான் செய்துவந்த வேலையை விட்டுவிடும். இரண்டாம் வகைக் கொலாஜனை நிறுத்திவிட்டுத் தோலிலும் தழும்பிலும் இருக்கும் முதல் வகையைச் சுரக்கத் தொடங்கும். அப்படிப் பிறழ்ந்த செல்லை அகரோஸ் கூழுக்குள் வைத்தால் மறுபடி உருண்டு, பழைய வேலைக்குத் திரும்புகிறது என்று பென்யாவும் ஷாஃபரும் 1982-ல் காட்டினார்கள். இன்றைய முயற்சிகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். செல்லுக்கு நாலா பக்கமும் பிடிமானம் வேண்டும். அதனால்தான் எலும்புத்தோல் மூடி போய்க் கொலாஜன் விரிப்பு வந்தது, கூழ் வந்தது, பட்டுப் புரதம் வந்தது. டெல்லி ஐஐடியில் சவுரப் கோஷ் குழுவினர் பட்டுப் புரதமும் ஜெலட்டினும் கலந்த மையில் செல்களை வைத்து முப்பரிமாண அச்சில் குருத்தெலும்பு உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஐவன் மார்ட்டின் குழு, மூக்குத் தடுப்பிலிருந்து செல் எடுத்து வளர்த்து 10 பேரின் முழங்காலில் பொருத்தி 2016-ல் முடிவுகளை வெளியிட்டது. மூக்கின் செல் முட்டில் வேலைசெய்கிறது என்பது இத்துறையில் நான் வியந்து படித்த செய்தி.

செல்லை எடுத்து வளர்க்கும் இந்த வித்தை நம் கடற்கரைக்கு அந்நியமல்ல. வைப்பாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973-ல் வளர்ப்பு முத்தை உண்டாக்கினார். மன்னார் வளைகுடாவில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சிப்பிப் பாறைகள் வெறுமையாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வளர்ப்பு முத்தில் நடப்பது ஒரு திசு ஒட்டு. ஒரு சிப்பியின் மேலுறையிலிருந்து சின்னத் துண்டை நறுக்கி, இன்னொரு சிப்பியின் உடலுக்குள் ஓட்டு மணியோடு சேர்த்து வைக்கிறார்கள். அந்தத் துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகின்றன. பைதான் முத்துப்பூச்சைச் சுரக்கிறது. பிற்காலத்தில் இதே நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் சிப்பியே இல்லாமல், மேலுறைத் திசுவை மட்டும் தட்டில் வளர்த்து முத்தெடுக்கும் சோதனையிலும் இறங்கியது. செல்லுக்கு உரிய இடத்தைக் கொடுத்தால் அது தன் பொருளைச் சுரக்கும் என்பதை விளாத்திகுளம் பையன் சைக்கிளில் போய்வரும் தொலைவில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். நம் பள்ளிகளில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்று ஆச்சிக்கு என்ன மாறியிருக்கிறது? நிறைய. 2009-ல் அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் பெரிய அறுவை சிகிச்சை ஏழை வீட்டுக்கும் எட்டியது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டுக்கு விலை வரம்பு வைத்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் முட்டு 54,720 ரூபாய் என்றானது. எங்கள் தெருவிலேயே முட்டு மாற்றிக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் ஆச்சிகள் இருக்கிறார்கள். முழுக்கத் தேய்ந்த முட்டுக்கு இன்றைக்கும் உறுதியான தீர்வு உலோகமும் பாலித்தீனும்தான்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், "ஜவ்வு மறுபடி வளரும்" என்று சொல்லி ஊசி போடும் விளம்பரங்கள் இப்போது பஸ் ஸ்டாண்டு சுவர்வரை வந்துவிட்டன. ஆடு விற்ற பணத்தோடு மதுரைக்குப் புறப்படும் குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் தேய்ந்து, கால் வளைந்து, எலும்போடு எலும்பு உரசும் முட்டில் வளர்த்த செல்லை வைத்தால் அது பிழைக்காது. அழற்சி நிறைந்த அந்த மூட்டு புதுச் செல்லையும் அரித்துவிடும். செல் வளர்த்துப் பொருத்தும் முறை ஓரளவு இளம் வயதினருக்கு, மற்றபடி நன்றாக இருக்கும் முட்டில், சில சதுர சென்டிமீட்டர் அளவில் விழுந்த பள்ளத்துக்கு. இந்தியாவில் அந்த முறைக்கு அனுமதி கிடைத்தது 2017-ல். மும்பையின் ரீகுரோ பயோசயின்சஸ் நிறுவனம் நோயாளியின் செல்லையே வளர்த்துத் தருகிறது. மிதமான தேய்மானத்துக்கு இன்னொரு வழி 2022-ல் அனுமதிக்கப்பட்டது. பெங்களூரின் ஸ்டெம்ப்யூட்டிக்ஸ், கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜைச் செல்களை வளர்த்து ஊசியாகத் தருகிறது. அனுமதி பெற்ற மருந்து எது என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள். பெயர் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, அனுமதி பெறாத ஸ்டெம்செல் சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே, காசுக்குச் செய்யக் கூடாது.

ஆக, பேரனுக்குத்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது. இன்று மிளகாய்க் காட்டுக்குப் போகிறவர்களில் இளைஞர்கள் குறைவு. அவர்கள் முட்டு போவது கபடியில், வாலிபாலில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில். அர்ஜுனா விருது பெற்ற கபடி வீரர் மணத்தி கணேசன் பிறந்த தூத்துக்குடி மாவட்டம் இது. கபடிக் குழு இல்லாத ஊரைக் காட்டுவது கஷ்டம். அடிபட்டால் இப்போதும் முதலில் பத்துதான், கட்டுதான். வீக்கம் வடிந்ததும் ஆட்டம். மறுபடி வீக்கம். "சின்னப் பையன்தானே, சரியாயிரும்" என்கிறோம். பள்ளத்தின் விளிம்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் சிதைந்து பெரிதாகிறது. எதிர்ப்புற எலும்பின் பரப்பும் தேயத் தொடங்குகிறது. இரண்டு பரப்பும் போய்விட்டால் அவனும் ஆச்சியின் வரிசையில்தான் நிற்க வேண்டும், அதுவும் இளம் வயதிலேயே. செயற்கை முட்டோ இருபது வருடக் கணக்கில் உழைப்பது. இளைஞனுக்கு வைத்தால் அவன் ஆயுளுக்குள் மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும்.

எக்ஸ்ரே காட்டாததை எம்ஆர்ஐ காட்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு வருடம் நொண்டியபின் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். தொடையெலும்பின் வளைவை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக ஓடும் பட்டை, ஒரு இடத்தில் மட்டும் அறுந்து, கரையில் நொறுங்கியிருந்தது. அடியில் எலும்பும் வெளுத்திருந்தது. அது முதல் மாதத்திலேயே எடுத்திருக்க வேண்டிய படம். முட்டு திரும்பிய அன்றே வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அது சுளுக்கின் அடையாளமல்ல. விளாத்திகுளம் அரசு மருத்துவமனையில் கபடி சீசன் நாட்களில் இதை ஒருவர் எடுத்துச் சொல்லி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டெழுதி அனுப்பினால் எத்தனையோ முட்டு தப்பும். செல் சிகிச்சையின் செலவு லட்சங்களில் இருப்பது உண்மை. ஆனாலும் நம் பிள்ளைகள் இழப்பதில் பணத்தைவிடக் காலம்தான் அதிகம்.

அந்தச் செலவைக் குறைக்கும் வேலை நம் மாநிலத்திலேயே நடக்கிறது. சென்னையில் நிச்சி-இன் மீளுருவாக்க மருத்துவ மையத்தின் சாமுவேல் ஆபிரகாம், ஜப்பானிய மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு கூழ்மத்தில் குருத்தெலும்புச் செல்களை வளர்க்கிறார். குளிர்ந்தால் திரவமாகவும் சூடானால் கூழாகவும் மாறும் பொருள் அது. மூட்டு தேய்ந்த முதியவர்களின் செல்களே அதற்குள் 18 வாரம்வரை தம் இயல்பு கெடாமல் இருந்ததை இக்குழு பதிவுசெய்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலிசபெத் வினோத், பூபாலன் ராமசாமி உள்ளிட்டோர் செய்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. முட்டு மாற்றும்போது வெட்டி எடுக்கும் பழைய முட்டு, வழக்கமாக மஞ்சள் பையில் கட்டி எரிக்கப் போகும் கழிவு. அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சக் குருத்தெலும்பை, நோயாளியின் சம்மதத்தோடு இவர்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார்கள். ஃபைப்ரோனெக்டின் எனும் புரதம் பூசிய தட்டில் செல்களை 20 நிமிடம் வைத்தால் முன்னோடிச் செல்கள் மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றவற்றைக் கழுவிவிடலாம். இன்னொரு வழியில், குருத்தெலும்புத் துண்டைத் தட்டில் விட்டுக் காத்திருந்தால் சில செல்கள் துண்டிலிருந்து தாமாகவே நகர்ந்து வெளியே வருகின்றன. இந்த முன்னோடிச் செல்கள் பலமுறை பெருகியும் குருத்தெலும்பு ஆகும் திறனைப் பெரிதும் இழப்பதில்லை என்பதுதான் இவர்களின் நம்பிக்கை. மனித முட்டில் இது வைத்தியமாக வருவதற்கு இன்னும் பல படிகள் உண்டு. ஆனாலும் வாழ்நாள் முழுக்கக் களையெடுத்துத் தேய்ந்த ஒரு மூட்டின் ஓரத்தில் இன்னும் வளரக்கூடிய செல் மிச்சமிருக்கிறது என்பதை இந்தக் காட்டில் வேலைசெய்த குடும்பத்துப் பிள்ளையாக நான் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி ஊரில் யாரும் யோசிப்பதில்லை. செல் பொருத்திய முட்டில் முதல் ஆறு முதல் எட்டு வாரம் முழுப் பாரம் விழக் கூடாது. ஆனால் அசைவு வேண்டும். அசைவில்தான் செல் ஊட்டம் பெறும். குத்தவைக்கும் கழிப்பறை ஆகாது. கட்டிலும் கைத்தடியும் வேண்டும். மைதானத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்ச் சம்பளம் அனுப்பும் பையன் அத்தனை நாள் வீட்டில் இருந்தால் அடுப்பெரிவது யார் கையில்? அதனால்தான் பாதியில் பயிற்சியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வளர்ந்துகொண்டிருந்த திசு பெயர்ந்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க முடியாத ஆச்சிகளின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருகிறார். முட்டு அறுவை முடிந்து விளாத்திகுளத்துக்குத் திரும்பும் இருபது வயதுப் பையனின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். முதல் மூன்று மாதமாவது வாரம் தவறாமல் அவன் வீட்டுக்கு அவர் வர வேண்டும். வேலைக்குப் போகாத அந்த வாரங்களுக்கு ஒரு உதவித்தொகையும் வேண்டும்.